கண்ணாடித் தண்ணீர்

வயிற்று வலி தாங்காமல் இருதயமேரி அன்றைக்குத் தோட்ட வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகவில்லை. மூன்று மாதமாகவே இந்த வலி. பீலியடியில் குந்தி, மலையிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீரை இரண்டு கை அள்ளிக் குடித்தாள்.

“இது உள்ள போனாத்தான் வலி கொஞ்சம் அடங்குது.”

மகள் நிஷாந்தினி, பஸ் வருமுன் பீலி ஓடையில் கல் கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். முதுகெலும்பில்லாத உயிரினம் ஐந்து பிடித்து வரச் சொல்லியிருந்தார் பதுளைப் பள்ளிக்கூடத்து விலங்கியல் மிஸ்.

“ஒரு புழுகூட இல்லம்மா.”

“எப்படிடீ இருக்கும்? நம்ம பீலி கண்ணாடி மாதிரி. நண்டு, நத்தையெல்லாம் போன வருசமே ஒழிஞ்சிருச்சு. மிஸ்கிட்ட பெருமையா சொல்லு.”

வகுப்பில் அப்படியே சொன்னாள்.

“பூச்சிய நீயே தின்னுட்டியாடீ?” என்று பின்வரிசை வாங்கிலிருந்து ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தபடியே பதிவுப் புத்தகத்தில் ‘ஐந்தும் பாக்கி’ என்று எழுதினார். சட்டென்று நிமிர்ந்தார்.

“நண்டுகூட இல்லையா? பீலிக்கு மேல என்ன இருக்கு?”

“தேயிலை, மிஸ். புல்லுக்கு மருந்தடிப்பாங்க.”

மிஸ் தன் போனை நீட்டினார். “நல்ல தண்ணியில உயிர் இருக்கும் புள்ள. யாரும் அதக் குடிக்க வேணாம்னு உடனே வீட்டுக்குச் சொல்லு.”

சொன்னாள். மறுமுனையில் தாயின் குரல்:

“பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க, இப்பத்தான்டி ஒரு செம்பு குடுத்தேன்.”

மேசையில் பதிவுப் புத்தகம் திறந்தே கிடந்தது. பீலியிலிருந்து வரவேண்டிய ஐந்து உயிரினங்கள் இன்னும் பாக்கி.