மகள் சொன்னது

இப்போதெல்லாம் தூத்துக்குடியில் குழந்தைகள் நாலு வயதுவரை வாய்திறப்பதில்லை. பகல்நேரக் காப்பகத்தில் பழக்கிய சைகையிலேயே பால், பசி, தூக்கம் எல்லாம் சொல்லிவிடுகின்றன. காது நன்றாகக் கேட்டாலும் பேசுவதற்கு அவசியம் வருவதில்லை. வீடுகள் அமைதியாகிவிட்டன என்று பெற்றவர்களுக்குச் சந்தோஷம்.

பார்வையில்லாத ஜெசிந்தாவுக்கு மட்டும் அந்த அமைதி பொறுக்கவில்லை. இரண்டு வயது மகள் அனிலா என்ன சைகை செய்கிறாள் என்பதைச் சாயங்காலம் வேலையிலிருந்து வரும் கணவன் கிளாட்வினிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

காப்பகத்துக்கு விடுமுறையான ஒரு மத்தியானம் வீட்டில் அனிலாவைக் காணவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. சுவரைத் தடவிக்கொண்டே போனவள், அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பிள்ளையைக் கண்டுபிடித்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"என்னட்டி? அம்மாட்ட சொல்லு."

அனிலா கைகளை அசைத்தாள். ஜெசிந்தா அந்தக் கைகளின்மேல் தன் கைகளை வைத்து, அவை போகிற போக்கை விரல்களில் மனப்பாடம் செய்துகொண்டாள்.

கிளாட்வின் வந்ததும் அதை அப்படியே செய்துகாட்டினாள்.

"இதுக்கு என்னங்க அர்த்தம்?"

அவன் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லுங்க."

"'அம்மா, என்னையப் பாரு'ன்னு சொல்லுதா."

ஜெசிந்தா தலையாட்டினாள். பிறகு, "'பாக்கேன்'னு எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டு, இரண்டு கைகளையும் அவனிடம் நீட்டினாள்.