இஞ்சேரும்

குளியலறைத் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாயை இறுக மூடினாள். மூச்சு மூக்கால் சீறியது.

பின்னேரம் மூன்று மணி. யன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம்.

ஸ்கொட்லாந்தின் வடக்கே, கடல் வற்றும்போது மட்டும் கரையோடு சேரும் சின்னத் தீவு. அதில் இருப்பது இந்த விடுதி ஒன்றுதான். கலியாணமாகி ஒன்பது வருடத்தில் அவளும் செந்தூரனும் பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாக வந்த முதல் பயணம்.

பக்கத்து அறை வெள்ளைக்காரத் தம்பதி கூடத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் ஓடிவந்தாள். அந்த மனுசியின் விரலில் தேநீர்க் கோப்பையின் பிடி மட்டும் கொளுவியிருந்தது.

வெட்டியவன் விடுதிக்காரன். காலையில் முட்டை பொரித்துக் கொடுத்து, உப்புக் காணுமா என்று கேட்டவன்.

செந்தூரனைக் காணவில்லை.

நடையில் காலடிகள். இரண்டு பேருடையவை. ஒருவருடையது இழுபட்டு வந்தது.

கதவடியில் நின்றன.

"கூப்பிடு அவளை," விடுதிக்காரன் ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னான்.

"இஞ்சேரும்."

செந்தூரன்தான். ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவன்; 'இங்கே பாரும்' என்கிற இந்த ஒரு சொல்தான் எப்போதும்.

அவள் கை தாழ்ப்பாளைப் பாதி இழுத்துவிட்டது.

"இஞ்சேரும், கதவைத் திறக்காதையும். என்ரை கழுத்தில கத்தி வச்சிருக்கிறான். இவனுக்குத் தமிழ் விளங்காது. யன்னலால குதிச்சு ஓடும். இப்ப கடல் வத்தியிருக்கும்."

சாப்பிட வரச்சொல்லும் குரலில் சொன்னான்.

அவள் அசையவில்லை.

"பிள்ளை அக்கா வீட்டில பாத்துக்கொண்டிருப்பாள். போம்."

தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினாள். குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறினாள். யன்னல் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தோளால் முட்டினாள். கிறீச்சிட்டது.

கதவுக்கு அப்பால் செந்தூரனின் குரல் உயர்ந்தது.

பிள்ளையின் பல் வைத்தியரிடம் வியாழக்கிழமை போகவேண்டும் என்றான். காரின் சாவி நீல ஜாக்கெட்டுக்குள் என்றான். அக்காவிடம் கோபிக்க வேண்டாம் என்றான். யன்னல் கிறீச்சிடும்போதெல்லாம் இன்னும் பலமாகக் கதைத்தான்.

தலையை நுழைத்தாள். இடுப்பு சிக்கியது. உந்தினாள்.

நனைந்த புல்லில் விழுந்தாள்.

அப்போது உள்ளே குரல் நின்றது.

புல்லைப் பிடித்தபடி காது கொடுத்தாள்.

கதவில் மூன்று தட்டு.

"இஞ்… சேரும்."

வேறு நாக்கு, விடுதிக்காரனுடையது. அது அவளுடைய பெயர் என்று நினைத்திருக்கிறான்.

"இஞ்சேரும்."

ஓடினாள்.

கடற்பாதையில் இன்னும் முழுதாக வற்றாத தண்ணீர் முழங்கால் வரை நின்றது. பாசி வழுக்கியது. இரண்டு தரம் விழுந்தாள். குளிர் எலும்புக்குள் இறங்கியது.

அக்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்கி வந்து அவளைப் பிடித்தாள். தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். பொலிஸுக்குப் போன் எடுத்தாள். எடுத்தபடியே அவளிடம் கேட்டாள்.

"தனியாகவா வந்தாய்?"

"இல்லை," என்றாள். "நாங்கள் இரண்டு பேர்."

அந்தப் பெண் அவளுக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த கடற்பாதையைப் பார்த்தாள்.

நெடுநேரம் பார்த்தாள்.