இடமில்லாம நின்ன குண்டுக் கட்டை

நாலரை வயசுக் குழந்தை அரை மணி நேரமா ஒரு கட்டையோட மல்லுக்கட்டுது. டீச்சரம்மா கைய மடியில வெச்சுக்கிட்டு சும்மா பாத்துட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

அந்தப் பள்ளிக்கூடத்துல நான் ஆயா. கூட்டுறது, துடைக்கிறது, சின்னதுங்க ஈரம் பண்ணிட்டா மாத்திவிடுறது. பேரன் பேத்தி எடுத்தவ, எனக்குத் தெரியாத பிள்ளை வளப்பா?

அங்க கரும்பலகை கிடையாது, மனப்பாடம் கிடையாது. பிள்ளைங்களே அலமாரியில இருந்து பிடிச்ச சாமான எடுத்து, பாயில வெச்சு, தானா செஞ்சு பாக்கணும். முடியலைன்னா பக்கத்துல பேர் அட்டைய வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடலாம். மறுநாள் வந்து தொடரலாம். அட்டை வெச்ச பாய யாரும் தொடக் கூடாது. நான்கூட சுத்தித்தான் கூட்டணும்.

இந்தக் குட்டிக்கு முன்பல்லு ரெண்டும் பெருசு, அதனால முயல்னுதான் கூப்பிடுவோம். அவ எடுத்தது ஒரு மரப்பலகை. பத்து குழி, பத்து கட்டை. ஒல்லிக் குழிக்கு ஒல்லி, குண்டுக் குழிக்கு குண்டு. நடுவுல எங்கயாவது மாத்திப் போட்டா, கடைசியில ஒரு குண்டுக் கட்டை போக இடமில்லாம நிக்கும்.

தினம் நிக்குது.

"ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தா என்ன டீச்சரம்மா? வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"கேட்டா சொல்லுவேன் ஆயாம்மா. அவ இன்னும் கேக்கல."

உக்காந்து வேடிக்கை பாக்கிறதுக்கு ஒரு டீச்சரான்னு மனசுக்குள்ள திட்டினேன். என் சின்னவனுக்கு ஆறாவது வரைக்கும் ஷூ லேஸ் நான்தான் கட்டிவிட்டேன். முதல் நாள் வேலைக்குப் போனவன் பஸ்ல இருந்து போன் பண்றான், "அம்மா, லேஸ் அவுந்துடுச்சு"ன்னு. நான் என்ன பண்ண, போன்லயா கட்டுறது? அவன் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறா. சரி, அத விடுங்க.

திங்கட்கிழமை சாயங்காலம், எல்லாரும் போனப்புறம், நாலு கட்டைய எடுத்து மாத்திப் போட்டேன். குண்டன் ஜம்முனு உக்காந்துட்டான். ஒரு நிமிஷ வேலை.

காலையில முயல் வந்தா. குதிப்பான்னு பாத்தா, பத்தையும் உருவிக் கீழ வெச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறா! திமிரப் பாருங்க.

சாயங்காலம் திரும்பவும் போட்டு வெச்சேன். காலையில திரும்பவும் உருவிட்டா. நானும் விடல, அவளும் விடல.

வியாழக்கிழமை அவ அம்மா ஆபீஸ் அவசரத்துல வாசல்லயே டீச்சரம்மாவப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ரெண்டு வாரமா ஒரே பலகையாமே? பக்கத்து வீட்டுப் பொண்ணு நூறு வரைக்கும் எழுதுறா. நாளைக்கு வந்து பாப்பேன். இதே கதைன்னா வேற பள்ளிக்கூடம்தான்."

முயல் போயிடுவாளா? நான் தரை துடைக்கிறப்ப, சொல்லாமலே ரெண்டு காலையும் தூக்கிக்கிற ஒரே பிள்ளை அவதான். அன்னிக்கு சாயங்காலம் பத்து கட்டையையும் ஒருதரத்துக்கு ரெண்டுதரம் சரி பாத்து வெச்சேன்.

வெள்ளிக்கிழமை அந்தம்மா முயலக் கையில பிடிச்சுக்கிட்டு நேரா பாய்கிட்ட வந்தாங்க.

"அட, எல்லாம் சரியா இருக்கே! நீயா செஞ்ச?"

"இல்லம்மா. நான் செய்யல."

"பின்ன யாரு?"

முயல் தரையப் பாத்தா.

அந்தம்மா டீச்சரம்மா பக்கம் திரும்பினாங்க. "ஓ, நான் வர்றேன்னு நீங்களே செஞ்சு வெச்சீங்களாக்கும்! குழந்தைக்கு இருக்கிற நேர்மைகூட உங்களுக்கு இல்லையே. வெக்கமா இல்ல?"

டீச்சரம்மா மூஞ்சி செவந்துபோச்சு. ஆனா ஒரு வார்த்தை பேசல.

நான் கதவுக்குப் பின்னால துடைப்பமும் கையுமா நிக்கிறேன். அப்பவே சொல்லியிருக்கணும். வேலை போயிடுமேன்னு துடைப்பத்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். வெக்கமா இல்லையான்னு கேட்டது டீச்சரம்மாவ. சுட்டது என்னை.

"வா, போலாம். இனிமே இங்க வேணாம்."

அந்தம்மா பையத் தூக்கிக்கிட்டு முயல இழுத்துட்டுப் போறாங்க. முயல் அழல. திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா, அவ்வளவுதான்.

துடைப்பத்தப் போட்டுட்டு ஓடினேன். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு எப்படி ஓடினேன்னு எனக்கே தெரியாது. கேட்கிட்ட பிடிச்சுட்டேன்.

"அம்மா, நில்லுங்க. நான்தான். நாலு நாளா சாயங்காலம் நான்தான் செஞ்சு வெச்சேன். டீச்சரம்மா தொடவே இல்ல. உங்க பொண்ணு தினம் காலையில அதக் கலைச்சுட்டு தானா போராடிட்டு இருந்தா. நான்தான் அவளச் செய்ய விடல."

பின்னாலயே டீச்சரம்மாவும் வந்துட்டாங்க.

"உங்களுக்குத் தெரியுமா இது?" அந்தம்மா கேட்டாங்க.

"செவ்வாய்க்கிழமையே முயல் வந்து சொல்லிட்டா, சாயங்காலம் இங்க இருக்கிறது ஆயாம்மா மட்டும்தானேன்னு."

"பின்ன நான் அவ்வளவு பேசுறேன், சும்மா நின்னீங்க?"

டீச்சரம்மா முயலத்தான் பாத்தாங்க. அந்தம்மா பைய மகள் தோள்ல மாட்டிவிட்டாங்க.

"போ. போய் உன் பலகையப் பாரு."

நான் தலையே நிமிரல. இப்ப என்னையும் போகச் சொல்லுவாங்கன்னு நிக்கிறேன். முயல் ஓடிப் போய் டீச்சரம்மா கையப் பிடிச்சு இழுத்தா. ரகசியம் பேசுறதா நெனப்பு, தெருவுக்கே கேட்டுச்சு:

"டீச்சர், பாத்தீங்களா! நாம சொல்லிக் குடுக்கவே இல்ல, ஆயாம்மா அவங்களாவே சொல்லிட்டாங்க!"