மருமகள் வைத்த குழம்பு

விடுமுறைக்குக் குடும்பம் கூடினால் அந்த வீட்டில் கிழங்குக் குழம்புதான்.

“இந்தத் தடவை மருமக வச்சது” என்று பெருமையாகப் பரிமாறினார் மாமியார்.

ஒரு வாய் வைத்ததுமே மகள் முகம் சுளித்தாள். “அம்மா கைப்பக்குவம் வருமா? உப்பு தூக்கல்.”

“என் பொண்டாட்டிதான், இருந்தாலும் சொல்லணும்ல? கிழங்கு குழைஞ்சுபோச்சு” என்றான் மகன்.

“போகப்போக வந்துடும்மா” என்று மருமகளுக்குப் பெரிய மனதுடன் ஆறுதல் சொன்னார் மாமனார்.

மருமகள் வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் மாமியார் சட்டியை வெடுக்கென்று தூக்கிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரி டியூட்டி முடிஞ்சு அவ வந்ததே இப்பதான். நல்ல பேர் வாங்கட்டுமேன்னு நான் வச்சுட்டு அவ பேரைச் சொன்னேன். நாப்பது வருஷமா இதே குழம்புதான் வைக்கிறேன். இன்னைக்குத்தான் உங்களுக்கெல்லாம் நாக்கு முளைச்சுதா?”