லீவரைப் பிடித்த கை

இல்லாத கிளட்சைக் காலால் மிதித்தேன். டிராக்டர் நேராகப் போய் ஹில்டா அக்காவின் கருவாட்டுப் பந்தலைச் சாய்த்து, அதன் மேலேறி நின்று இருமியது.

மிஷன் பண்ணை ஏலத்தில் வந்த பழைய வண்டி. அதற்குக் கிளட்ச் காலில் கிடையாது, கையில். நீண்ட லீவரை முன்னால் தள்ளினால் 'டக்'கென்று பூட்டிக்கொண்டு ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். இதை ஊரைக் கூட்டி விளக்கிய மெக்கானிக் நான்தான். அவசரத்துக்குக் காலைத் தூக்கியவனும் நான்தான்.

"ஏலே ஜெபசிங், ரிப்பேரு பாக்க வந்தியா, சாளக் கருவாட்ட மசாலா அரைக்க வந்தியா?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டே அவிழ்ந்த கொண்டையை முடிந்து கொண்டை ஊசியைச் செருகினாள்.

பந்தல் போனாலும் வேலை சுத்தம். பூட்டாமல் தானாகப் பின்னால் வந்துகொண்டிருந்த லீவர் இப்போது பிடித்துவிட்டது. பந்தலே சாட்சி.

கரைக்கு வரும் வள்ளங்களை மணலில் இழுத்து ஏற்றுவதற்காக அக்காவின் புருசன் ரோச் அண்ணாச்சி வைத்திருந்த வண்டி அது. போன வருசம் காத்துக் காலத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளத்தில் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. வருசப் பூசை முடிந்ததும் மகன் ரெக்சன் வண்டியை விலை பேசினான். வண்டி போனால் வீட்டையும் பூட்டி, அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போவது அவன் திட்டம்.

அக்காவும் தடுக்கவில்லை. "கொண்டு போட்டும்லே. ஆளே போயாச்சி, இரும்பக் கட்டிட்டு அழவா?" என்றாள்.

பந்தல் சாய்ந்ததற்கு மறுநாள் காலை, வண்டியை வாங்க உடன்குடியிலிருந்து காசிலிங்கம் வந்தார். கருப்பட்டி வியாபாரி, பழைய வண்டி என்றால் உயிர். ஆனால் கறாரான ஆள். "ஒரு வள்ளத்த இழுத்துக் காட்டுங்க. இழுத்தா இன்னைக்கே லாரில ஏத்திருதேன். இழுக்கலன்னா இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்றார்.

கரையில் நின்ற விக்டரின் வள்ளத்தில் கயிற்றைக் கட்டினோம். நான் பந்தாவாக லீவரை முன்னால் தள்ளினேன்.

'டக்' வரவில்லை. லீவர் ஒரு மூச்சு நேரம் யோசித்தது. பிறகு மெதுவாக, யாரோ உட்கார்ந்து இழுப்பதுபோல, என் வயிற்றை நோக்கி வந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி வந்தது.

விக்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். "ரோச் அண்ணாச்சி இன்னும் லீவர விட்டுக் கைய எடுக்கல போல," என்று காசிலிங்கம் ஓரடி பின்வாங்கினார்.

பேய் பிசாசு கிடையாது என்று எங்கள் நாசரேத்து ஞாயிறுப் பள்ளியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். அந்தப் பாடத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம் தாங்க" என்று இறங்கிப் பக்கத்து மூடியைக் கழற்றினேன். லீவர் பூட்டிக்கொள்வதற்காக நேற்று நான் முறுக்கிய மூன்று நட்டுகளும் தளர்ந்திருந்தன. அவை தானாகக் கழலக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் ஒரு புது இரும்புப் பின் மாட்டியிருந்தேன். இரண்டு இருந்தன. மூன்றாவதன் இடத்தில் வளைந்த கறுப்புக் கம்பி ஒன்று.

"ரெக்சா, நீ இத தொட்டியா?"

"எனக்கு நட்டு எது, போல்ட் எதுன்னே தெரியாதுண்ணே. அப்பா ரிப்பேரு பாக்கையில யம்மாதான் டார்ச் பிடிக்கும்."

டீத் தம்ளரோடு வந்த அக்காவிடம் திரும்பினேன். "யக்கா, ராத்திரி இங்கன யாரு வந்தது?"

"கைய எடுக்காதவர்ட்டயே கேளு."

தம்ளரை நீட்டக் குனிந்தாள். கொண்டை இன்று வலை நூலால் கட்டப்பட்டிருந்தது. நான் கையிலிருந்த கறுப்புக் கம்பியைப் பார்த்தேன். இரண்டு கால், நடுவில் ஒரு வளைவு. மூன்றாவது பின் இருட்டில் மணலில் விழுந்திருக்கும். பேய்க்குப் பயந்ததெல்லாம் எனக்கு வெட்கமாக மாறியது.

"முடிஞ்சுதாண்ணே?" என்று ரெக்சன் கார் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். காசிலிங்கம் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஸ்பானர் நட்டின் மேல்தான் இருந்தது. நாலு முறுக்கு போதும்.

"ஏன்க்கா?" என்றேன், யாருக்கும் கேட்காமல்.

"டீ ஆறுது, குடி."

"அண்ணாச்சி மேல பழியப் போட்டுட்டு என்னை டீ குடிக்கச் சொல்லுதியே. கொண்டு போட்டும்னு நீதான சொன்ன? நேரா ஒரு பதில் சொல்லுக்கா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வெயிலில் கூசும் கடலைப் பார்த்தாள். வண்டியில் கட்டிய கயிறும் அங்கேதான் நீண்டு கிடந்தது.

"அவரு வள்ளம் வந்தா யாருலே இழுப்பா?"