ஏரிக்கரைக் கல்லூரி

"இன்னைக்கு ஏரியில தண்ணி எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டுவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் அவளும் அளக்க ஆரம்பித்தாள். தண்ணீர் இன்று கண்ணாடி மாதிரி இருந்தது, அப்புறம் காற்று கிளம்பிக் கல் பெஞ்சு வரைக்கும் சாரல் அடித்தது, இரண்டு வெள்ளைப் பறவைகள் ஒரே மீனுக்குச் சண்டை போட்டன என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அத்தனையும் பொய். பெற்ற அப்பாவிடம், முகத்துக்கு நேரே, தினமும்.

அப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. கட்டிடங்களின் நடுவே இருக்கும் இருட்டுக் குழிக்குள் காலையில் இறங்கினால், வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே வருவார். இந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். உண்மையைச் சொன்னால், கல்லூரியை அல்ல, அதன் விளம்பரப் புத்தகத்தின் அட்டையைத் தேர்ந்தெடுத்தார். அட்டையில் ஓர் ஏரி, கரையில் கல் பெஞ்சு, பெஞ்சில் புத்தகத்தோடு ஒரு பெண். பாடம் எப்படி, வாத்தியார் எப்படி என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அட்டையைக் கிழித்துச் சுவரில் ஒட்டி, "நீயாவது வெளிச்சத்துல உக்காந்து படி" என்றார்.

ஏரிக்கரையில் இருப்பதெல்லாம் வேறு படிப்புகள் என்பது சேர்ந்த அன்றுதான் தெரிந்தது. அவள் எடுத்த வானிலைப் படிப்புக்கு ஊருக்குள் ஒரு டயர் கடைக்கு மேலே நான்காவது மாடியை ஒதுக்கியிருந்தார்கள். ஜன்னல்கூட இல்லாத அறை. மேகத்தைப் பற்றிப் படிக்க வந்தவர்களுக்கு ரப்பர் நாற்றம்தான் மிச்சம்.

அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயிலிருந்து ஏரிதான் வந்தது.

அடுத்த மாதம் கல்லூரியே ஒரு வழி காட்டியது. விருப்பமுள்ளவர்கள் வேறு படிப்புக்கு மாறி ஏரிக்கரைக்குப் போகலாம் என்றார்கள். பாதி வகுப்பு காலியானது. அவள் போகவில்லை.

காரணம், வாத்தியார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லிய குரலில் பேசுவார். அவர் பேசப் பேச அந்த அறையின் கூரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பெஞ்சுகளுக்கு நடுவே மேகங்கள் நகரும். டயர் நாற்றம் போய், மழை வரப்போகிற வாசனை வரும். மணி அடித்ததும் எல்லோரும் எங்கேயோ உயரத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரி விழிப்பார்கள்.

இந்தச் சுகத்தை எப்படி அப்பாவிடம் சொல்வது? ஏரியை நானே வேண்டாமென்றேன் என்றல்லவா சேர்த்துச் சொல்ல வேண்டும்?

அப்போது பார்த்து அந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் கெட்டுப்போனது. ரிப்பேருக்கு அப்பாவே வந்து நின்றால்? வீட்டுக்கு வந்ததும், இப்போது எங்கே வேலை என்று அப்பாவிடம் நைசாக விசாரித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, முடிய ரொம்ப நாளாகும் என்றார். அதற்கப்புறம்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

கரும்பலகைக்குப் பின்னால்தான் லிஃப்ட் குழி. நடுவில் காற்றுக்காக ஒரு கம்பி வலை. உள்ளே யாரோ டொங் டொங்கென்று தட்டிக்கொண்டிருப்பார். வாத்தியார் வாயைத் திறந்தால் சத்தம் நின்றுவிடும். அவர் முடித்த பிறகுதான் மறுபடி டொங் டொங். வாரக்கணக்கில் இதே கதை. மாடி ஏறி ஏறி எல்லோருக்கும் முட்டி கழன்றது.

"வாத்தியார் தாலாட்டுப் பாடறார், மெக்கானிக் தூங்கறார்" என்றாள் பக்கத்தில் உட்காரும் சோடாபுட்டி.

இவளுக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அப்பா பார்க்கிற அதே வேலை, ஆனால் இப்படியும் ஓர் ஆள். "எங்கப்பாவா இருந்தா ரெண்டே நாள்ல முடிச்சிருப்பார்" என்றாள். சொல்லும்போது பெருமையாக இருந்தது. அப்பேர்ப்பட்ட மனுஷனைத் தினமும் ஏமாற்றுகிறோமே என்று உடனே வலிக்கவும் செய்தது.

ஒரு வழியாக லிஃப்ட் ஓடியது. ஆனால் வீட்டில் வேறு வம்பு கிளம்பியது. அந்த ஏரியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். கால் வலி, வெயில், போன தடவை மழை என்று அப்பா ஏதேதோ சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்கவில்லை. நல்ல புடவை கட்டி, கதவைப் பூட்டி, இரண்டு பேரையும் பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ் தூரத்தில் தெரிந்தது. அதற்குமேல் மகளால் மறைக்க முடியவில்லை.

"அப்பா, நான் படிக்கிற எடத்துல ஏரி இல்லப்பா. டயர் கடை மாடி, இருட்டு ரூம். மாறிக்கலாம்னு சொன்னாங்க. நான்தான் மாறல. அந்த வாத்தியாரை விட்டுட்டு வர மனசில்லப்பா. என்னை மன்னிச்சுடுங்க."

அம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். பஸ் வந்து நின்றது, இவர்கள் ஏறாததைப் பார்த்துக் கிளம்பிப் போனது.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடிக்கு மேலே ஒரு பெரிய வெள்ளை மேகம் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் ஏரியும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில். பிறகு அவள் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது போகட்டும். இவ்ளோ தண்ணியைச் சுமந்துக்கிட்டு மேகம் ஏன் கீழ விழறதில்லன்னு ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தினாரே உங்க வாத்தியார், மீதியை நீதாம்மா சொல்லணும். அந்த லிஃப்ட் வேலையை அதுக்கு மேல என்னால இழுக்க முடியல."