ஆயிரம் வாட்

"தம்பிக்கா சிஸ்டர்?" என்று கேட்டான் கணினிக் கடைக்காரன், நான் வாயைத் திறப்பதற்குள்.

எனக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது. 'சிஸ்டர்' என்று கூப்பிட இவனும் எனக்கு எந்த உறவும் கிடையாது.

பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

நாலு மாதப் பட்டியல் அது. அடித்து அடித்து எழுதியதில் தாளே பஞ்சாகிவிட்டது. அதில் இருந்ததெல்லாம் இப்போது கண்ணாடி அலமாரிக்குள் பெட்டி பெட்டியாக நிஜமாகவே இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மாக்கு போரடிக்குது போல. இதோ முடிஞ்சிரும்மா," என்று கடைக்காரன் ஃபேனை அவள் பக்கம் திருப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தின் தகுதிச் சுற்று.

போன தடவை கடைசி நிமிடம். எங்கள் பக்கம் சாகாமல் மிச்சம் ஒரே ஆள், எதிர்ப்பக்கம் இரண்டு பேர். சரியாக அப்போது எங்கள் வீட்டுக் கணினி பொட்டென்று அணைந்துபோனது.

"இன்னொரு தரம் இப்படிப் பாதியில காணாமப் போனா, வேற ஆளப் போட்டுக்குவோம்," என்று அணித் தலைவன் குரல்பதிவு அனுப்பினான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது.

கோபத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மின்னணுவியல். அந்த நாலு வருடப் படிப்பு முதன்முதலாக உருப்படியாக உதவியது, பழைய கணினி ஏன் செத்தது என்று கண்டுபிடிக்கத்தான். கிராபிக்ஸ் கார்டு சில நேரம் கண் இமைக்கும் பொழுதுக்குள் இரட்டிப்பு மின்சாரம் இழுக்கும். மலிவு பவர் சப்ளை பயந்து கடையைச் சாத்திவிடும்.

"எழுநூத்தம்பது வாட் தாராளமா போதும்," என்றான் கடைக்காரன்.

"ஆயிரம்."

"வேஸ்ட் சிஸ்டர்."

"வேஸ்டாவே இருக்கட்டும். ஆயிரம் எடுங்க."

எடுத்து வந்தான். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். செங்கல் மாதிரி கனத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து, எல்லாவற்றையும் உள்ளே மாட்டும் கேபினட் பெட்டி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிபோல் மின்னும் ஒன்றைக் காட்டி, சூட்டைத் தணிக்கும் தண்ணீர்க் குளிரூட்டியை முன்னால் மாட்டித் தருவதாகச் சொன்னான். அம்மாவின் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டுகிறவள்; அது இல்லாமல் வெளியே வரமாட்டாள்.

"என்ன சிஸ்டர், சட்டையா தைக்கப் போறீங்க?"

கிராபிக்ஸ் கார்டின் நீளம் முப்பத்து நாலு சென்டிமீட்டர். கேபினட்டுக்குள் முப்பத்தாறு. குளிரூட்டியும் அதன் விசிறிகளும் முன்னால் ஐந்து சென்டிமீட்டரைத் தின்றுவிட்டால் மீதி முப்பத்தொன்று.

"இப்ப கார்டை எங்க வைப்பீங்க? உங்க தலைமேலயா?"

அவன் டேப்பைப் பார்த்தான். கேபினட்டைப் பார்த்தான். தானே ஒருமுறை அளந்தான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"கூலர மேல மாட்டிரலாம்," என்றான், தாழ்ந்த குரலில். "சாரி மேடம். நீங்க இவ்ளோ பெரிய கேமர்னு தெரியாது."

சிஸ்டர் போய் மேடம் வந்தது. மதர்போர்டை எடுக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஏணியில் ஏறினான், இறங்கினான். ரேமை ஒற்றையாகப் போடாமல் ஜோடியாகப் போடச் சொன்னபோது "அதானே!" என்று மேஜையைத் தட்டினான். வண்ண விளக்கு வைத்த விசிறிகளை நான் வேண்டாம் என்றதும், அவனே சத்தம் குறைவான விசிறி ஒன்றைத் தேடி எடுத்து வந்தான். பெட்டிகள் மேஜைமேல் என் தோள் உயரத்துக்கு எழும்பின. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். திருவிழாவில் தொலைந்த குழந்தை கிடைத்தால்கூட யாரும் இப்படித் தடவியிருக்க மாட்டார்கள்.

"இனி இது நிக்காது மேடம். எழுதியே தர்றேன்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நிற்காது. அது போதும்.

பட்டியலில் ஒரே ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. மவுஸ்.

"அத நான் சொல்லக் கூடாது. ஆடுற கைக்குத்தான் தெரியும். புடிச்சுப் பாத்து எடுங்க," என்று ஐந்து மவுஸ்களை வரிசையாக என் முன்னால் வைத்தான்.

நான் நகர்ந்து வழிவிட்டேன். எனக்கு அந்த ஆட்டத்தைப் பத்து நிமிடம் பார்த்தாலே தலை சுற்றிக் குமட்டும்.

அம்மா எழுந்து வந்து கைப்பையை என்னிடம் கொடுத்தாள். முதல் மவுஸின்மேல் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று இடமும் வலமும் வெட்டிப் பார்த்தாள். தள்ளி வைத்தாள். அடுத்தது. அதையும் தள்ளினாள். மூன்றாவதை விரல்நுனியில் தூக்கி எடை பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இதெல்லாம் கனம் தம்பி. நான் திரும்புறதுக்குள்ள ரெண்டு பேரும் என்னச் சுட்டுட்டுப் போயிருவானுங்க. இன்னும் லேசா இருந்தா எடு."